பஸ் போன பிறகு முப்பது விநாடி

எங்கள் தெருவில் ரகசியம் எல்லாம் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வெளியே வரும். துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். சாயங்காலம்தான் திரும்ப வரும். ஜலகண்டாபுரத்தைச் சுற்றி எந்தத் தெருவுக்குப் போனாலும் விசைத்தறிதான். மற்ற நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகிய ஜனங்கள், தறி நின்ற அன்றைக்கும் அதே தொண்டையில்தான் பேசுவார்கள். எதிர்வீட்டு மருமகள் நாத்தனாரைப் பற்றிப் போனில் சொல்வது தெருக்கோடி வரை கேட்கும். யார் வீட்டில் நேற்றைய ரசத்தைச் சுட வைக்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். ஷட்டவுன் என்று நாங்கள் சொல்லும் அந்த நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அப்படி ஒரு ஷட்டவுன் நாளில்தான் என் மானமும் போயிற்று.

நான் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். ஐந்து கோடு போட்டு அதன்மேல் புள்ளி வைத்து எழுதும் மேல்நாட்டு இசைக்குறிப்பைக் கல்யாணத்துக்கு முன்பே கற்றுப் பரீட்சையும் எழுதியவள். அதை வைத்து என்ன கிழித்தேன் என்றால், பதினெட்டு வருஷம் ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு வாசித்தேன். என் வீட்டுக்காரருக்கு எட்டுத் தறி. எங்கள் வீட்டின் பின்சுவரும் பட்டறையின் முன்சுவரும் ஒரே சுவர். கல்யாணமாகி வந்த முதல் வாரம் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து தறி நின்றால்தான் விழிப்பு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், சோற்றில் கை வைக்காமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதப் பாரு அம்மிணி. படத்துல பின்னாடி கூட்டமா வாசிக்கறாங்கல்ல, அத எழுதறதுக்குச் சொல்லித் தாராங்களாம். ஒரு வருசப் படிப்பு. ஊட்டுல இருந்தே படிக்கலாமாம். மாசத்துல ஒரு சனிக்கெழம மட்டும் மெட்ராஸ் போவோணும்."

"நாப்பத்தி நாலு வயசுல எனக்கெதுக்குங்க மாமா இதெல்லாம்?"

"பின்ன, இன்னும் எத்தன வருசத்துக்கு வரவேற்புப் பாட்டே வாசிச்சிட்டிருப்ப?"

நறுக்கென்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருமே, அந்தக் கோபம். அவருக்குத் தயிர் ஊற்றாமலேயே எழுந்துபோய்விட்டேன். சாயங்காலம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து விண்ணப்பத்தை அனுப்பினேன்.

வகுப்பில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவள். பாடம் எடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே "மேடம், நீங்க யாரோட பேரண்ட்?" என்று கேட்டார். மாணவி என்று சொன்னதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதைக் கணினித் திரையில் நன்றாகப் பார்த்தேன். நல்ல மனுஷர். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். ஒரு காட்சியில் இசை எங்கே தொடங்கவேண்டும் என்பதைவிட எங்கே தொடங்கக்கூடாது என்பதைத்தான் முதல் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தார். புல்லாங்குழல்காரருக்கு மூச்சுவிட இடம் வைக்கவேண்டும், ஹார்ன் வாசிப்பவரை எடுத்த எடுப்பில் உச்சத்துக்கு ஏற்றினால் அவர் நம்மைச் சபிப்பார், செல்லோ என்கிற பெரிய வயலினை நடு ஸ்தாயியில் வாசித்தால் ஆம்பிளைக் குரல்போல இருக்கும் என்றெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன்.

வீட்டுப்பாடமாக, டிவி சீரியலைச் சத்தமில்லாமல் போட்டு, எங்கே இசை வரும் என்று குறித்துப் பழகச் சொன்னார். நானும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பென்சிலோடு உட்காருவேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முழு சீரியலையும் பார்த்துவிட்டு, "இவ பெரிய கேடிக்காரி, சொத்த எழுதி வாங்கப் பாக்கறா," என்று கதையைச் சரியாகச் சொல்வார். சத்தம் இல்லை என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தறிக்காரர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். எட்டுத் தறி ஓடும்போது வேறெப்படிப் பேசமுடியும்? பட்டறைக்குள் பாதிப் பேச்சு கையில்தான். இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. சுட்டுவிரலைச் சுழற்றிப் புருவத்தைத் தூக்கினால் "ஓடுதா?" என்று கேள்வி. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் துணியைத் தடவுகிற மாதிரித் தேய்த்தால், துணி பிசிறில்லாமல் சுத்தமாக வருகிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் நான் கட்டியிருந்த சேலையைப் பார்த்து அவர் தூரத்திலிருந்து அப்படித் தேய்த்துக் காட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் எனக்கு வெட்கம் வரும். இப்போது, "போய் வேலையப் பாருங்க," என்பேன்.

கடைசி ஆறு மாதத்துக்கு ஒரே வேலைதான். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடக் காட்சி ஒன்று கொடுத்தார்கள். அதற்கு முழு இசைக்குழுவுக்கும் இசை எழுதவேண்டும். கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் முப்பத்தைந்து கலைஞர்கள் அதை வாசிப்பார்கள். ஒரு ஆளுக்கு இருபது நிமிடம். அதற்குள் பதிவாகிவிடவேண்டும். இருபத்தோராவது நிமிடத்தில் அடுத்தவருடைய தாள் ஸ்டாண்டுக்கு வந்துவிடும்.

எனக்குக் கிடைத்த காட்சியில் பேச்சே கிடையாது. ஒரு அம்மா வெளியூரில் படிக்கும் மகளைப் பஸ் ஏற்றிவிடுகிறாள். பையைக் கொடுக்கிறாள், ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிறாள், பஸ் புறப்படுகிறது, திரும்புகிறது, மறைகிறது. அதற்குப் பிறகும் முப்பது விநாடி அந்த அம்மா அங்கேயே நிற்கிறாள். அவ்வளவுதான் படம்.

எங்களுக்கும் ஒரே மகள். ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் போவாள். ஏற்றிவிடுவது அவர் வேலை. பஸ் ஸ்டாண்டு எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் ஐந்து நிமிடம். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். பட்டறையில் தறிக்குப் பாவு நூல் மாற்ற ஆள் காத்திருக்கும், எனக்குப் பள்ளிக்கு நேரமாகும். "டீக்கடையில அரட்டை அடிச்சிட்டு வாரதுக்குத் திங்கக்கெழமதான் கெடச்சுதா?" என்று வாரம் தவறாமல் திட்டுவேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார்.

ஆறு மாதமும் அந்தப் பின்சுவரை ஒட்டின மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். காதில் ஹெட்போன், எதிரே கணினி, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி. எழுத எழுதச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் எனக்காக எங்கேயோ எடுத்து வைத்திருந்திருக்கிறதே என்று தனியாக உட்கார்ந்து அழுதுகூட இருக்கிறேன். பஸ் மறைந்த பிறகு வரும் முப்பது விநாடிக்கு, எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு வயலின்களை மட்டும் ரொம்ப மேலே, ரொம்ப மெல்லிசாக வாசிக்க வைத்தேன். அதுதான் என் உயிர். ஆசிரியருக்கும் அந்த இடம்தான் பிடித்தது. நடுவில் சில தாளக் கட்டங்களைக் காட்டி, "இங்க நாலு பார் காலியா இருக்கே மேடம், வேணும்னேதான் விட்டீங்களா?" என்று கேட்டார். "காலியா எங்கீங்க இருக்குது? நெறஞ்சுதான இருக்குது?" என்றேன். அவர் என் தாளின் ஓரத்தில் "துணிச்சலான மௌனம்" என்று எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுதிய ஒவ்வொரு பகுதியையும் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையில் ஓடும் கோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். தலையை மெல்ல ஆட்டுவார். "நல்லாருக்குது அம்மிணி," என்பார். ஒரு நாளும் நல்லா இல்லை என்று சொன்னதில்லை.

பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஷட்டவுன் வந்தது. கணினியிலும் ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் முதல் நாளே சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டேன். ஹெட்போன் இல்லாமல், தறி இல்லாமல், முழுசாக ஒரு தடவை வீட்டுக்குள் ஒலிக்கவேண்டும் என்று ஆசை. கூடத்தில் அவரை உட்காரவைத்தேன். எங்கள் வீட்டு வாசல் பக்கம் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றித் தரும் அக்காவையும் கூப்பிட்டேன். அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "சினிமாவுக்கு டிக்கட்டு ஆருங்க கிழிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

போட்டேன். ஒரு சுரம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. இன்னொரு சுரம். திரும்ப ஒன்றும் இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி நடுநடுவே ஓட்டை. என் கால் மட்டும் தரையில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டடக்கு, டடக்கு, டடக்கு. அப்போதுதான் புரிந்தது. அது தறியின் தாளம். ஆறு மாதமாக ஹெட்போனையும் தாண்டி என் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதையும் இசையில் ஒரு வாத்தியமாகச் சேர்த்துக் கேட்டு, அது நிரப்பிய இடத்தையெல்லாம் நிறைந்ததாக நினைத்து, வெறுமனே விட்டுவைத்திருக்கிறேன். துணிச்சலும் இல்லை, மௌனமும் இல்லை. தாளில் எழுத மறந்துபோன எட்டுத் தறி. ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அதற்குள் திரையில் பஸ் திரும்பி மறைந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, வயலின்கள் மட்டும் மேலே மெல்லிசாகத் தொடங்கின. இதுவாவது இருக்கிறதே என்று மூச்சுவிட்டேன். வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நல்லாருக்குது அம்மிணி. முடிஞ்சுதல்ல? தொட்டியில தண்ணி இருக்குதான்னு பாத்துட்டு வாரேன்."

அக்கா அவர் வேட்டியைப் பிடித்து இழுக்காத குறை. "இருங்ணா, இன்னும் வாசிச்சிட்டிருக்காங்கல்லோ!"

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்து, "பஸ்ஸுதான் போயிருச்சே. அவ சும்மாதான நிக்கறா?" என்றார். பிறகு சட்டென்று உட்கார்ந்து, தலையை மெல்ல ஆட்டத் தொடங்கினார். ஆறு மாதமாக நான் பார்த்து மகிழ்ந்த அதே தலையாட்டல்.

அக்கா போன பிறகு கேட்டேன். "ஏனுங்க மாமா, கடைசியில வந்தது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுதே."

"எப்படிக் கேட்டுது? பாடிக் காட்டுங்க பாக்கலாம்."

அவர் வேட்டி நுனியை மடித்து மடித்துப் பார்த்தார். "இதுக்கு முன்னால எல்லாம் கோடு ஓடிட்டிருக்கும். நீ மொகத்துல சிரிச்சிட்டே இருப்ப. அப்பறம் நல்லாத்தான இருக்கும்?"

"இத்தன மாசமும் பொய்யா சொன்னீங்க?" என்று கத்தினேன். ஷட்டவுன் நாள் என்பதே மறந்துபோயிற்று. தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டு மருமகள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அண்ணன் என்னங்க பொய் சொல்லிப்போட்டாரு?" என்று அடுத்த ஒரு வாரம் அக்காவிடம் கேட்காத ஆள் இல்லை.

"பொய்யில்ல அம்மிணி," என்றார் அவர். "கொஞ்ச வருசமாவே மேல் சத்தமெல்லாம் வாரதில்ல. இப்பெல்லாம் குருவி கத்தறதில்லேன்னு நெனச்சேன். குக்கரு விசில் அடிக்கறதில்லேன்னு நெனச்சேன். பாத்தா, எல்லாம் கத்திட்டுத்தான் இருக்குது. எங்காதுதான் போயிருக்குது."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீ படிக்கப் போயிருக்க மாட்ட."

போயிருக்க மாட்டேன்தான். அந்தக் கோபத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் இரண்டு அடி வைத்தேன். பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன். என்னைப் படிக்கச் சொன்ன மனுஷனுக்கு நான் எழுதியதில் நல்ல பாகம் மட்டும் கேட்காது என்றால் எப்படித் தாங்குவது? அந்த முப்பது விநாடியை அவர் ஒரு தடவையாவது கேட்கவேண்டும். அதற்கு மேல் மார்க்கும் சான்றிதழும் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

சேலத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். தறிச் சத்தத்தில் போனது போனதுதான், மெஷின் வைத்தால் பேச்சு தெளியும் என்றார். மெஷின் வந்தது. மூன்று நாள் மாட்டினார். "எட்டுத் தறியும் எம்பது தறியாக் கேக்குது," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவுக்கும் பட்டறை ஆட்களுக்கும் காதை மூட உறை வாங்கிக் கொடுத்ததோடு என் அதிகாரம் நின்றது.

ஓட்டைகளை அடைப்பது சுலபமாக இருந்தது. செல்லோக்காரர்களும் டபுள் பாஸ்காரர்களும் வில்லின் கட்டைப் பக்கத்தால் தந்தியைத் தட்டினால் ஒரு சத்தம் வரும். டடக்கு, டடக்கு. தறியைத் தறியாகவே எழுதிவிட்டேன். ஆசிரியருக்கு உண்மையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "மௌனம்னு எழுதினேனே மேடம், அதை யாருக்கும் காட்டிடாதீங்க," என்றார்.

கடைசி முப்பது விநாடிதான் மசியவில்லை. அதைச் செல்லோவுக்கு இறக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேணாம் மேடம். அந்த இடம் மேல தனியா நிக்கறதுலதான் அழகு. கீழ ஒண்ணு சேர்ந்தா படம் அழுகைப் படமாயிடும்," என்றார். அவர் சொன்னது சரி என்று என் காதுக்கே தெரிந்தது. வீட்டுக்காரரோ அதைவிடப் பிடிவாதம். "எங்காது கெட்டதுக்கு உம்பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு? ஒண்ணையும் மாத்தாத," என்றார். மாற்றவில்லை. தாள்களை அப்படியே அச்சுக்கு அனுப்பினேன். அனுப்பிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னைக்கு அவரும் வந்தார். புதுச் சட்டை, சலவை வேட்டி. ஸ்டூடியோ கூடத்தில் முப்பத்தைந்து பேரும் நாற்காலியில் உட்கார்ந்து, அவரவர் காதில் தாளம் தட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் கூடத்துக்குள்ளேயே, கையசைத்துக் குழுவை நடத்தும் கண்டக்டர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் வைத்த சட்டம். குடும்பத்தாருக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவுக் கருவிகள் இருக்கும் அறையில் சோபா. அங்கே பெரிய ஸ்பீக்கர்களும் படம் ஓடும் திரையும் இருந்தன. எனக்கு முந்தின மாணவனின் முறை முடியும்வரை வீட்டுக்காரர் கண்ணாடி வழியே கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இவரு நம்மாளு அம்மிணி. எல்லாத்தையும் கையிலயே பேசறாரு," என்றார். மெஷின் அப்போதும் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த ஸ்பீக்கரின் முன்னால் அது கிறீச்சிட்டதாம்.

என் இருபது நிமிடம் தொடங்கியது. ஏசியை நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஆறு மாதம் கணினியில் கேட்டது எல்லாம் பொம்மைச் சத்தம் என்று முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து பேர் ஒன்றாக மூச்சு இழுத்து வாசித்ததும் தரை அதிர்ந்து என் கால் வழியாக ஏறியது. செல்லோக்காரர்கள் வில்லின் கட்டையால் தட்டத் தொடங்கியபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காதுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். முதல் தடவை நடுவில் தடுமாறியது. இரண்டாவது தடவை ஒரு பிழையும் இல்லை. கடைசியில் வயலின்கள் மட்டும் மேலே நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆசிரியர் கண்ணாடி வழியே கட்டைவிரலை உயர்த்தினார்.

அவருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் கண்ணை அகல விரித்து, வில்கள் அசைவதையும் கண்டக்டரின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சுட்டுவிரலைச் சுழற்றிப் புருவத்தைத் தூக்கினார்.

ஓடுதா?

எனக்கு அதற்கு மேல் ஆகவில்லை. வாசித்து முடித்துச் சிவப்பு விளக்கு அணைந்ததும் கண்டக்டரிடம், "எத்தன நிமிசம் இருக்குதுங்க?" என்று கேட்டேன். ஆறு என்றார். நேரே செல்லோ வாசிப்பவர்களிடம் போனேன். நால்வரில் மூத்தவரிடம், "ஐயா, கடைசிப் பன்னெண்டு பார் வயலின் மெட்ட, ரெண்டு ஸ்தாயி கீழ நீங்களும் வாசிக்க முடியுங்களா?" என்றேன். "தாள்ல இல்லையேம்மா," என்றார். பின்வரிசையில் வயலின் வாசித்த ஒரு பெண் சட்டென்று தன் தாளை எடுத்து நீட்டினாள். "எங்களுக்கு மனசுல ஏறிடுச்சு. இதைப் பார்த்து வாசிங்க சார்." அவள் பக்கத்துக்காரரும் கொடுத்தார். ஸ்பீக்கரில் ஆசிரியரின் குரல், "மேடம், என்ன பண்றீங்க? நல்ல டேக் கைல இருக்கே!" என்றது. "அது உங்களுக்குங்க. இது ஒண்ணு எனக்கு," என்றேன். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது.

பஸ் திரும்புவதிலிருந்து வாசித்தார்கள். மற்றதெல்லாம் அடங்கியது. மேலே வயலின்கள் தொடங்கின. கீழே நான்கு செல்லோக்கள் அதே மெட்டை எடுத்தன. நான் தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

அவர் முதலில் கண்டக்டரின் கையைப் பார்த்தார். பிறகு திரையில் நின்றுகொண்டிருக்கும் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமாகக் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்த மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுரம் அடங்கும்வரை திறக்கவில்லை. திறந்ததும் என்னைப் பார்த்து, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக் காட்டினார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் அடுத்த மாணவியின் தாள்கள் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டன.

மதியமே பஸ் ஏறிவிட்டோம். எந்தப் பதிவைத் தேர்வுக்குக் கொடுப்பது என்று ஆசிரியர் போனில் கேட்டார். இரண்டாவதையே கொடுங்கள் என்றேன். அவருக்குச் சந்தோஷம். மூன்றாவதை எனக்குத் தனியாக அனுப்பிவைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், ஜன்னல் வழியே பையும் பாட்டிலும் போயின வந்தன. வண்டி நகர்ந்த பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ சும்மா நிக்கல அம்மிணி," என்றார்.

"ஆருங்க?"

"அந்தப் படத்துல. பஸ்ஸு போனப்பறம் நிக்கறாளே, அவ. சும்மாதான நிக்கறான்னு அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, என் காதுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பட்டறையில் பேசுகிற அதே தொண்டையில், "திங்கக்கெழம நானும் டீக்கடைக்குப் போறதில்ல," என்றார்.

பஸ் முழுக்கக் கேட்டது.